கிணறுகளுக்கு ஒரு பதிவேடு
பரவிக் கிடக்கும் நீர் மாசைப் பிரதேச சபை மட்டத்தில் அளந்தறிதல்

வலிகாமம் வடக்கில் காணி திரும்பக் கிடைத்த குடும்பங்கள் ஊருக்குள் சென்றதும் முதலில் தேடுவது கிணற்றைத்தான். வீடு இருந்த இடம் பற்றையாகிக் கிடக்கும். எல்லைக் கல்லும் வேலியும் போன இடம் தெரியாது. கிணற்றுக் கட்டைக் கண்டுவிட்டால் அங்கிருந்து அடி வைத்து மற்றவற்றை அளந்துகொள்ளலாம். 1990 இல் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களுள் சிலர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் இருந்தவர்கள். வேறு சிலர் உறவினர் வளவுகளிலும் குத்தகைக் காணிகளிலும் காலங் கழித்தவர்கள். மயிலிட்டியில் ஒரு பகுதி 2017 இல் விடப்பட்டது. இன்னும் விடப்படாத காணிகளும் உண்டு. ஆகவே இப்பாடத்தைப் படிப்போரில் திரும்பிவிட்டவர்களும், காத்திருப்பவர்களும், வந்த இடத்திலேயே தோட்டஞ் செய்து நிலைத்துவிட்டவர்களும் இருப்பீர்கள். இம்மூவரும் இறைப்பது நிலத்தடிச் சுண்ணக்கல்லில் தேங்கி நிற்கும் நீரையே.

அந்த நீரில் சேரும் ஒருவகை மாசைப் பற்றியும், அதைக் கிராம அளவில் அளந்து பதிந்து வைப்பதைப் பற்றியுமே இங்கு பேசப்போகிறோம். இது சற்றே கணக்கோடு கூடிய பாடம். பென்சிலும் கடதாசியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

குழாய் வாயில்லாத மாசு

சுன்னாகத்து எண்ணெய்ப் பிரச்சினையை அனைவரும் அறிவோம். அனல் மின் உற்பத்தி நடந்த இடத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, மணத்தது, மக்கள் கண்டார்கள், போராடினார்கள். 2015 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, 2019 ஏப்பிரலில் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. அங்கே மாசுக்கு ஓர் இடம் இருந்தது, பொறுப்பாளி ஒருவர் இருந்தார், வாசனையும் இருந்தது. ஆகையால் சட்டத்தால் அதைப் பிடிக்க முடிந்தது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திர முறையும் அப்படிப்பட்டதே: கழிவு வெளியேறும் ஒரு வாயைக் கண்டுபிடித்து, அதற்கு நிபந்தனை விதிப்பது.

ஆனால் நூறு தோட்டங்களில் போடப்படும் பசளையும், நூறு வளவுகளில் உள்ள மலசலகூடக் குழிகளும், மாட்டுக் கொட்டிலும், குப்பைக் கிடங்கும் சிறிது சிறிதாக மழையோடு இறங்கினால் அனுமதிப்பத்திரத்தை யாருக்குக் கொடுப்பது? யாரை நீதிமன்றத்துக்கு அழைப்பது? இதையே பரவல் மாசு என்கிறோம். தனித்தனியே பார்த்தால் ஒருவரும் பெரிதாக ஒன்றுஞ் செய்யவில்லை. கூட்டிப் பார்த்தால் மட்டுமே அது தெரியும். கூட்டிப் பார்ப்பதற்கு யாரோ ஒருவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். எமது பிரதேசத்தில் அந்தப் பதிவேடு இல்லை என்பதே இப்பாடத்தின் தொடக்கம்.

நீர் எங்கே நிற்கிறது?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் விழுகிறது. அந்த நீர் செம்மண்ணூடாக இறங்கி, வெடிப்பும் குகையுமாக உள்ள சுண்ணக்கல்லில் சேருகிறது. கடல்நீர் கனதியானது, நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவர இடமுண்டு என்பது அதே கணக்கின் மறுபுறம்.

களிமண் நிலத்தில் நீர் மெல்ல இறங்கும்போது பல அழுக்குகள் வடிபட்டுப் போகும். எமது செம்மண்ணோ பல இடங்களில் ஆழமற்றது. அதன் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் நீர் விரைந்து ஓடும். அங்கே வடிகட்டல் மிகக் குறைவு. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி விட்டால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று மேலேயிருந்து பார்த்தால் தெரியாத நிலத்தில், அந்த ஐம்பது அடியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நைத்திரேற்று என்பது என்ன?

பயிர் பச்சையாக வளர நைதரசன் வேண்டும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை முதலில் அமோனியமாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிர் உறிஞ்சுவது பெரும்பாலும் இந்த நைத்திரேற்றையே. மண் துணிக்கைகள் அமோனியத்தைப் பிடித்து வைக்கும், நைத்திரேற்றைப் பிடிக்கமாட்டா. நீர் எங்கே போகிறதோ அதுவும் அங்கே போகும். வேருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது கிணற்றுக்குரியது. மாட்டெருவிலும் கோழி எருவிலும் மலக்கழிவிலும் உள்ள நைதரசனுக்கும் இதே கதிதான்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் ஆவியாகக் குறைவதால் சற்றுக் கூடவே செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதனால் முதலில் ஆபத்துக்குள்ளாவது போத்தற் பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை. பால்மாவைக் கரைக்கும் நீரிலுள்ள நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாகி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைத் தடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியன்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பற்றிய ஆய்வொன்று 1988 இலேயே வெளிவந்தது. செறிவாகத் தோட்டஞ் செய்யும் வலிகாமத்துக் கிணறுகளில் அளவு கூடியிருப்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. ஆய்வுகள் வந்தன, போயின. ஆய்வாளர் ஒருமுறை வந்து போத்தலில் நீரெடுத்துச் செல்வார். முடிவு ஒரு சஞ்சிகையில் வெளிவரும். கிணற்றுக்குரியவருக்கு அது தெரியவே வராது. இவ்வழக்கத்தில் எமக்கு உடன்பாடில்லை.

ஒரு பரப்பின் கணக்கு

இனிப் பென்சிலை எடுங்கள். ஒரு பரப்பு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் என்றால் ஒரு பரப்பில் விழுவது சுமார் 3 இலட்சம் லீற்றர். ஆவியானதும் பயிர் குடித்ததும் வழிந்தோடியதும் போக, கால்வாசி நிலத்தின் கீழே சேருகிறதென்று வைத்துக்கொள்வோம்: 75,000 லீற்றர். இந்த நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தொடுவதற்கு எவ்வளவு நைத்திரேற்று வேண்டும்? 3¾ கிலோ. நைதரசனாகப் பார்த்தால் 850 கிராம். யூரியாவாகப் பார்த்தால் இரண்டு கிலோவுக்கும் குறைவு.

அதாவது, பரப்புக்கு ஆண்டில் இரண்டு கிலோ யூரியா பயிருக்குச் சேராமல் கீழே இறங்கினாலே போதும்; அப்பரப்பிலிருந்து கிணற்றுக்குப் போகும் நீர் எல்லையைத் தாண்டிவிடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் நீங்கள் பரப்புக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. போட்ட அன்று இரவே பெருமழை பெய்தால் அதில் எவ்வளவு நிற்குமென்பதும் உங்களுக்குத் தெரியும். மழை விட்டதும் மறுபடியும் போடுகிறோம் அல்லவா?

எருவுக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டு முடிவதற்குள் அத்தடையைத் தளர்த்திய கதையில் எமது கமக்காரர் பட்ட பாடு போதும். நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நைதரசன் எந்தப் பையிலிருந்து வந்தது என்பதைவிட, எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்பதே பெரிது. குவித்துப் போட்ட கோழி எரு மாரி மழையில் கரைந்தால் அதுவும் நைத்திரேற்றே. எரு மண்ணுக்கு வேறு நன்மைகள் செய்யும், அதை மறுக்கவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கமக்காரருக்கு ஓர் இலாபம் தெரியும். உங்கள் கிணற்று நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறதென்று வைப்போம். ஒரு இறைப்புக்கு ஓரங்குல நீர் விடுகிறீர்கள். பரப்புக்கு ஏறக்குறைய 6,250 லீற்றர். அதில் 70 கிராம் நைதரசன் பயிருக்குப் போகிறது. ஒரு போகத்தில் முப்பது இறைப்பு என்றால் 2.1 கிலோ நைதரசன், அதாவது நான்கரைக் கிலோ யூரியாவுக்குச் சமமானது வாய்க்கால் வழியாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. நீரில் 100 மில்லிகிராம் இருந்தால் ஒன்பது கிலோ. கடையில் காசு கொடுத்து வாங்கிய பசளை கிணற்றுக்குள் இறங்கி, மீண்டும் பாத்திக்கு வருகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் இன்னும் ஒரு பையை வாங்கிப் போடுகிறோம்.

ஆகவே கிணற்றை அளப்பது கமக்காரருக்கு எதிரான வேலையன்று. பசளைச் செலவில் எவ்வளவைக் குறைக்கலாம் என்பதை அந்த எண் சொல்லும். கூட்டங்களில் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்போது தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், இந்தக் கணக்கைச் சொன்னதும் திரும்பி வந்து உட்காருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஏன் பிரதேச சபை?

நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, சுகாதாரத் திணைக்களம், விவசாயத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம் என்று நீருக்குப் பொறுப்பானவர்கள் பலர். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குடிநீர்க் கிணற்றைப் பார்ப்பார். விவசாயப் போதனாசிரியர் பயிரைப் பார்ப்பார். இருவரும் ஒரே கிணற்றடியில் சந்திப்பது அரிது.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், மக்களின் நலன் ஆகியவற்றைப் பிரதேச சபைக்குரிய வேலைகளாக வகுத்திருக்கிறது. சுற்றாடல் தொடர்பான குழுவொன்றை அமைத்து, உறுப்பினரல்லாத ஊரவரையும் அதில் சேர்த்துக்கொள்ளவும் அச்சட்டத்தில் இடமுண்டு. யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் உள்ளன. தோட்டக் காணிகளிற் பெரும்பாலானவை இந்தப் பதின்மூன்றுக்குள் அடங்கும். சபைக்கு ஆய்வுகூடம் இல்லை. நிலத்தடி நீர் நிபுணரும் இல்லை. வீதி தெரியும், வளவு தெரியும், எந்தக் கொட்டில் எந்தக் கிணற்றுக்கு அருகே என்பது தெரியும். பரவல் மாசுக்கு முதலில் தேவைப்படும் அறிவு அதுவே.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. சபையும் இந்த மாசில் பங்காளி. மலக்கழிவு உறிஞ்சும் பவுசர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? சபையின் குப்பை மேட்டிலிருந்து மாரியில் வழியும் நீர் எங்கே இறங்குகிறது? இவ்விரு இடங்களையும் சூழவுள்ள கிணறுகள் பதிவேட்டின் முதற் பக்கத்தில் இருக்கவேண்டும். கமக்காரர் கிணற்றை அளக்க வருமுன் சபை தன் கிணற்றை அளந்து காட்டினால் ஊர் நம்பும்.

பதிவேட்டை எவ்வாறு தொடங்குவது?

எல்லாக் கிணறுகளையும் அளக்க முயன்றால் முதல் மாதத்திலேயே களைத்துப் போவோம். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குப் பத்துக் கிணறு போதும். நான்கு தோட்டக் கிணறு. மூன்று வீட்டுக் கிணறு. பாடசாலையிலோ கோயிலடியிலோ உள்ள ஒரு பொதுக் கிணறு. வீடுகள் நெருங்கிய குடியிருப்பில் அல்லது நலன்புரி நிலையம் இருந்த இடத்தில் ஒன்று. தோட்டங்களுக்கு விலகி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒன்று. நல்ல கிணறுகளையோ கெட்ட கிணறுகளையோ மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்த கிணற்றைப் பின்னர் மாற்றவுங் கூடாது. இன்று ஒரு கிணறு, நாளை வேறொரு கிணறு என்று அளந்தால் வந்த வித்தியாசம் காலத்தாலா இடத்தாலா என்று தெரியாமற் போகும்.

ஆண்டுக்கு இருமுறை அளக்கவேண்டும்: மழைக்கு முன் செப்ரெம்பர்க் கடைசியிலும், மழை ஓய்ந்தபின் தை மாதத்திலும். பதினைந்து பிரிவுகளுள்ள சபைக்கு ஆண்டில் 300 அளவீடுகள். க.பொ.த. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் இதைச் செய்வார்கள்.

ஒவ்வொரு கிணற்றடியிலும் செய்யவேண்டியவை பல இல்லை. கிணற்றுக் கட்டின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று நாடாவால் அளந்து எழுதவேண்டும். கையிற் பிடிக்கும் கருவியால் மின்கடத்துதிறனை அளக்கவேண்டும். இது உவர்த் தன்மையைக் காட்டும். நைத்திரேற்றுக்கு நீரில் தோய்த்து நிறம் பார்க்கும் கீலங்கள் உண்டு. ஒரு நிமிடத்தில் முடிவு தெரியும். கீலம் காட்டுவது அண்ணளவே. ஆகவே பத்தில் ஒரு மாதிரியையேனும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். குடிநீர்க் கிணறுகளில் மலக்கழிவின் அடையாளமான ஈ. கோலைக் கிருமியையும் சோதிக்கவேண்டும். 100 மில்லிலீற்றரில் ஒன்றேனும் இருக்கக்கூடாது.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். நைத்திரேற்றுக்கான போத்தலை அதே கிணற்று நீரால் மூன்றுமுறை அலசி நிரப்பவேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலை அலசவே கூடாது. உள்ளே இருக்கும் மருந்து போய்விடும். இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். போத்தலில் கிணற்றின் இலக்கம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர். குளோரீன் போட்ட கிணறாயின் அதையும் எழுதவேண்டும்.

இவற்றோடு, ஆய்வாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு நிரல்: கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது? மலசலகூடம் எத்தனை அடியில், அடி பூசிய தொட்டியா வெறுங் குழியா, மாட்டுக் கொட்டில் உண்டா, அந்தப் போகத்தில் என்ன பயிர், பரப்புக்கு எத்தனை கிலோ பசளை, எத்தனை இறைப்பு, கிணற்றுக் கட்டு வெடித்திருக்கிறதா, காணி சொந்தமா குத்தகையா. இந்த நிரல் இல்லாவிட்டால் இலக்கங்கள் இருக்கும், காரணம் தெரியாது.

எண்ணை வாசித்தல்

ஆய்வுகூட அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பார்க்கவேண்டும். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று என்றே எழுதும். சில, நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் எழுதும். இரண்டாவதாயின் 4.4 ஆல் பெருக்கவேண்டும். 12 என்று எழுதியிருப்பதைக் கண்டு "ஐம்பதுக்கு எவ்வளவோ கீழே" என்று மகிழ்ந்தால், உண்மையில் அது 53.

அடுத்து, சராசரியை நம்பவேண்டாம். பத்துக் கிணறுகளின் சராசரி 40 என்று சொன்னால் ஊர் தப்பிவிட்டது போலத் தோன்றும். அவற்றுள் மூன்று 90க்கு மேல் இருக்கக்கூடும். பத்தில் எத்தனை கிணறு 50ஐத் தாண்டியது, சென்ற தையில் எத்தனை, இந்தத் தையில் எத்தனை என்று கேட்பதே பயனுள்ளது.

காரணத்தைப் பிரித்தறிய ஓரளவு வழியுண்டு. வெட்டவெளித் தோட்டக் கிணற்றில் நைத்திரேற்றுக் கூடி, கிருமி இல்லாதிருந்தால் பசளையை முதலிற் சந்தேகிக்கலாம். வீட்டுக் கிணற்றில் நைத்திரேற்று, குளோரைட்டு, ஈ. கோலை மூன்றும் சேர்ந்து கூடினால் மலசலகூடக் குழியைப் பாருங்கள். செப்ரெம்பரில் நீர்மட்டம் இறங்கி மின்கடத்துதிறன் ஏறினால், கடற்கரைப் பக்கமாயின், இறைப்பு மிகுந்து உப்பு ஏறுகிறது. தை மாதத்தில் மட்டும் நைத்திரேற்று எகிறினால் மாரி மழை மண்ணைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு தடவை வந்த எண்ணைக்கொண்டு தீர்ப்புச் சொல்லவேண்டாம். ஒரே கிணற்றில் மூன்று ஆண்டு, ஆறு அளவீடு என்று சேர்ந்தால்தான் போக்குத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு: கைக்குழந்தை உள்ள வீட்டில் 50ஐத் தாண்டிய கிணறு இருந்தால் மூன்று ஆண்டு காத்திருக்கலாகாது. அன்றைக்கே குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்து, குழந்தைக்கு வேறு நீருக்கு ஒழுங்கு செய்யவேண்டும்.

மக்கள் அஞ்சுவது

இடம்பெயர்ந்த மக்களிடம் பதிவு என்றாலே ஓர் அச்சம் உண்டு. எத்தனை படிவங்கள் நிரப்பினோம், எதற்கு என்றே தெரியாமல்! "என் கிணறு கெட்டது என்று எழுதிவிட்டால் காணியை யார் வாங்குவான், குத்தகைக்கு யார் கேட்பான்?" என்பது நியாயமான கேள்வி. "நீர் சரியில்லை என்று சொல்லி எங்கள் காணியை விடாமல் வைத்துக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்வதையும் சிரித்துத் தள்ள முடியாது. ஆகவே பதிவேட்டில் கிணற்றுக்கு இலக்கம் மட்டும் இருக்கட்டும். உரியவரின் முடிவு உரியவர் கையில் எழுத்தில் கொடுக்கப்படவேண்டும். சபை வாசலில் ஒட்டும் தாளில் பிரிவுவாரியாக எத்தனையில் எத்தனை என்பது மட்டும் வரட்டும். இந்த ஒழுங்கைச் சபை முதலிலேயே தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்வது அவசியம்.

குத்தகைக் கமக்காரரின் நிலை வேறு. அடுத்த போகம் இதே காணி கிடைக்குமா என்று தெரியாதவர், இந்தப் போகத்திலேயே போட்ட காசை எடுக்கவேண்டும். பசளையைக் கூட்டிப் போடுவது அவருடைய பேராசையன்று; ஒரு போகக் குத்தகையின் விளைவு. மாரி மழைக்கு முன் சணல் விதைத்து, மண்ணிலுள்ள நைத்திரேற்றை அது உறிஞ்சியபின் மடக்கி உழுதால் கிணறும் தப்பும், மண்ணும் தேறும். ஆனால் பிறர் காணிக்கு யார் சணல் விதைப்பார்? மூன்று ஆண்டுக் குத்தகை ஒன்றைக் கமக்காரர் அமைப்புகள் காணிக்காரரோடு பேசி வழக்கமாக்கினால், எந்தப் பிரசாரத்தையும்விட அது கிணற்றுக்கு நன்மை செய்யும் என்பது எமது எண்ணம்.

"பாட்டன் பூட்டன் குடித்த நீர்தானே" என்பாரும் உளர். பாட்டன் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார். மனித வலு எவ்வளவோ அவ்வளவே நீரும். குழையும் பட்டி எருவும் அவருடைய பசளை. நீரிறைக்கும் இயந்திரமும் யூரியா மூடையும் வந்தபின் கிணறு அதே கிணறாக இருந்தாலும் நீர் அதே நீரன்று. இன்னொரு சாரார், தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தைக் காட்டுவர். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியது அது. குழாய் வந்த வீட்டுக் குழந்தைக்கு அது பெரும் உதவி. தோட்டத்துக்கு அந்த நீரை யாரும் விடப்போவதில்லை. குழாய் எட்டாத வீடுகளும் இருக்கும். குடிப்பதில்லை என்றானபின் கிணற்றைக் கவனிப்பாரும் குறைவர் என்பதே எமது கவலை.

திரும்பிச் செல்பவர்களுக்கு ஒரு வேலை

நெடுங்காலம் பயிரிடப்படாமற் கிடந்த காணிக்குத் திரும்புவோருக்கு, வலிகாமத்தில் வேறெவருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது: முதல் மூடை பசளை விழுமுன் கிணற்றை அளந்து எழுதிவைக்கலாம். பின்னர் வரும் எந்த எண்ணையும் அதோடு ஒப்பிடலாம். பயிர் தொடங்கிய பின் அந்த முதல் எண்ணை எந்த நிபுணராலும் கண்டுபிடித்துத் தர முடியாது. கிணற்றைத் துப்புரவாக்கி இறைத்துவிட்டு, நீர் ஊறி நிலைப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் விட்டு மாதிரி எடுக்கவேண்டும். கடற்கரைக்கு அண்மையாயின் துப்புரவின்போது ஒரேயடியாக வற்ற இறைக்கவேண்டாம், உப்பு ஏறிவிடக்கூடும். மலசலகூடம் கட்டுவதற்கு இடங் குறிக்குமுன் கிணறு எங்கே, அயலவர் கிணறு எங்கே என்று பார்த்து, அடியும் சுவரும் பூசிய தொட்டியாகக் கட்டுவதற்கு உதவித் திட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் காசு தருபவர்கள் இதற்கும் தர வேண்டியவர்கள்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அப்படியொரு இடைவெளி மறுபடியும் வரலாம். ஆதலால் பதிவேட்டின் ஒரு பிரதி சபைச் செயலாளரிடமும், ஒன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், ஒன்று கமக்காரர் அமைப்பிடமும் இருக்கட்டும்.

உங்கள் குழு கூடும்போது செய்வதற்கு: வெள்ளைத் தாளில் ஊரின் படத்தை வரைந்து, கிணறுகளையும் மலசலகூடங்களையும் கொட்டில்களையும் வெவ்வேறு நிறத்தில் குறியுங்கள். பெண்கள் வரைந்தால் வீட்டுக் கிணறுகள் விடுபடமாட்டா. அதிலிருந்து பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, உரியவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு குடும்பமும் சென்ற போகத்தில் வாங்கிய பசளைப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து, பரப்புக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பாருங்கள். பின்னர் மேலே சொன்ன முப்பது இறைப்புக் கணக்கை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். படத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார உறுப்பினரோடு சபைச் செயலாளரிடம் செல்லுங்கள். முதல் அளவீட்டைச் செப்ரெம்பர்க் கடைசி வாரத்தில், மழை விழுமுன் எடுத்துவிடவேண்டும்.